நாலு மணிப் புகார்

ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு என் வகுப்பறை. ஜன்னலோரம் இரண்டாவது மேசை என்னுடையது. அந்த மேசைக்கு அடியில் இப்போது ஒரு சேவல் குடியிருந்தது.

சேவல் மட்டுமா? புயலுக்குப் பிறகு அந்த ஒரே அறையில் ஒன்பது குடும்பங்கள் தங்கியிருந்தோம். கரும்பலகைக்குக் கீழே எங்கள் பாய்.

பசிபிக் கடலில் கிளம்புகிற புயல்கள் சமார் தீவுக்கு வரும்போது முதலில் எங்கள் ஊர்க் கதவைத்தான் தட்டும். இந்தப் புயல் தட்டவில்லை. கதவையே எடுத்துக்கொண்டு போய்விட்டது. கூடவே சுவர், கூரை, அப்பாவின் படகு.

என் பெயர் மாயுமி. மென்மையானவள் என்று அர்த்தம். பெயர் வைத்த அன்று நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேனாம். அதைப் பார்த்து ஏமாந்துபோனோம் என்று அம்மா சொல்வாள்.

வீடு போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது வேறு. எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்!

"எப்படி இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் போதும்.

"ஜோரா இருக்கோம்! உசிரோட இருக்கோமே!" என்பார்கள். கேட்டவரும் சிரிப்பார், சொன்னவரும் சிரிப்பார். அதற்கு மேல் யாரும் எதுவும் பேச மாட்டார்கள்.

இதில் செலிங் அத்தைதான் முதலிடம். அத்தை எங்களுக்கு உறவு இல்லை, பக்கத்து வீடு. தண்ணீர் ஏறியபோது கரோக்கே பாட்டுப் பெட்டியைக் காப்பாற்ற ஓடினார். கடைசியில் கையில் மிஞ்சியது மைக் மட்டும். பெட்டியும் இல்லை, கரண்டும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவார்.

"அத்தை, அந்த மைக்கு எதோடயும் சேரலையே!"

"தெரியும்டி. ஆனா அது கையில இல்லன்னா எனக்குக் குரல் வராது."

என் தம்பி போங் இன்னும் மோசம். அவனுக்கு ஆறு வயது. நிவாரண லாரியில் தினமும் டப்பா மத்தி மீன் வந்தது. காலையில் மத்தி, மதியம் மத்தி, இரவும் மத்தி. ஒவ்வொரு வேளையும் அவன் கையைத் தட்டிக்கொண்டு, "ஐ, மத்தி!" என்பான். இதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோல.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அதற்காக எனக்கு அவரைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் பயமாக இருந்தது. அப்பா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "அப்புறம்" என்பார். அந்த அப்புறம் வரவே வராது. படகோடு சேர்த்து அவரையும் கடல் கொண்டுபோய்விட்ட மாதிரி இருந்தது.

"அவரைக் கொஞ்சம் விடு யுமி, சரியாயிடுவார்" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். திரும்பி நின்று கண்ணைத் துடைத்ததையும் நான் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் நகரத்திலிருந்து ஓர் அண்ணன் வந்தார். ஆரஞ்சுச் சட்டை, கை நிறைய வண்ணப் பென்சில்கள். சிறுவர்களுக்கு மகிழ்ச்சி வகுப்பு எடுக்கப் போகிறாராம். வந்ததும் ஒவ்வொருவர் நெற்றியிலும் சிரிக்கிற முகம் ஒன்றை ஒட்டினார்.

"இப்ப எல்லாரும் உங்களுக்குச் சந்தோஷம் தர்ற ஒண்ணை வரையுங்க. எங்க, சிரிங்க பார்ப்போம்!"

எல்லோரும் பூ வரைந்தார்கள், வானவில் வரைந்தார்கள். போங் மத்தி மீன் வரைந்தான். நான் ஒரு கதவும், அதன் முன்னால் நூற்றுப்பத்து மனிதர்களும் வரைந்தேன். நூற்றுப்பத்துப் பேரையும் வரைய இடம் இல்லாததால் பாதிப் பேரைத் தாளின் பின்பக்கம் வரைந்தேன்.

அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, எவ்ளோ பேர்! இது என்ன திருவிழாவா? எழுந்து எல்லாருக்கும் சொல்லு பார்ப்போம்."

நான் எழுந்தேன்.

"இது திருவிழா இல்ல அண்ணே, கக்கூஸ் வரிசை" என்றேன். "இந்தப் பள்ளிக்கூடத்துல நூத்துப்பத்து பேருக்கு ஒரே ஒரு கக்கூஸ். நான் காலையில அஞ்சரைக்குப் போய் நின்னேன். எனக்கு முன்னாடி முப்பத்தாறு பேர். என் முறை வந்தப்போ தண்ணி தீர்ந்துபோச்சு. வந்து உக்காந்தா மத்தி. என் மேசைக்கு அடியில ஒரு சேவல். அதுக்கு விடியறது எப்பன்னே தெரியல. ஒரு அத்தை செத்துப்போன மைக்குல பாடறாங்க. தலைகாணி இல்ல, என் செருப்புல ஒண்ணு இல்ல. இதுல நீங்க வேற வந்து நெத்தியில ஸ்டிக்கர ஒட்டி சிரி சிரிங்கறீங்க. நான் எதுக்கு அண்ணே சிரிக்கணும்?"

அண்ணனின் வாய் திறந்தபடி நின்றது. அம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

அப்போது என் மேசைக்கு அடியிலிருந்து சேவல் கூவியது.

"பாருங்க!" என்று கத்தினேன். "இப்ப மணி மூணே முக்கால்!"

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். அப்புறம் அறை முழுவதும் சிரித்தது. செலிங் அத்தை மைக்கால் தன் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"நான் சிரிக்கறதுக்குச் சொல்லல!" என்றேன்.

இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நெற்றியில் இருந்த ஸ்டிக்கரைப் பிய்த்து எறிந்துவிட்டு எங்கள் பாய்க்குப் போனேன்.

போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஐந்து நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா, மல்லாந்து படுத்திருந்தார். கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. "சேவல் உண்மையாவே மோசம்தான்" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் கணக்கில் சுமார்தான். ஆனால் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. ஒரு புகாருக்கு அப்பா அரைவாசி திரும்பியிருக்கிறார். இன்னும் சில புகார்கள் கிடைத்தால்?

மறுநாள் காலை எவாஞ்சலின் டீச்சரிடம் போனேன். முகாமுக்கு அவர்தான் பொறுப்பு.

"டீச்சர், தினமும் நாலு மணிக்கு எங்க வகுப்புல புகார் நேரம் வெச்சுக்கலாமா?"

"என்ன நேரம்?"

"புகார் நேரம். யாருக்கு எது தாங்க முடியலையோ அதைச் சொல்லலாம்."

டீச்சர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மாயுமி, பக்கத்து ஊருல எத்தனை பேர் போயிட்டாங்க தெரியுமா? நாம உசிரோட இருக்கோம். நன்றி சொல்லாம புகாரா சொல்லுவ?"

"நன்றி காலையிலயே சொல்லிட்டேன் டீச்சர். இது சாயங்காலத்துக்கு."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து வெளியே கழிப்பறை வரிசையில் இரண்டு பேர் சண்டை போடும் சத்தம் கேட்டது. டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"அரை மணி நேரம்தான்" என்றார். "சண்டை வந்தா நிறுத்திடுவேன்."

கரும்பலகையில் மூன்று விதிகள் எழுதினேன். உண்மையாக இருக்க வேண்டும். சுருக்கமாக இருக்க வேண்டும். அறையில் இருக்கிற ஒருவரைப் பற்றிச் சொல்வதாக இருந்தால் அவரிடம் முதலில் கேட்க வேண்டும். கீழே பெரிய எழுத்தில் எழுதினேன்: முதல் பரிசு, நாளைக் காலை கழிப்பறை வரிசையில் முதல் இடம்.

நாலு மணிக்கு அறை நிரம்பிவிட்டது. பக்கத்து வகுப்புகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள்.

முதலில் எழுந்தவன் பத்தாம் வகுப்பு ஆர்விக். "வெள்ளத்துல எங்கம்மா காப்பாத்தின ஒரே காகிதம் என்னோட மார்க் ஷீட்டு. கணக்குல பெயிலானது. வீடு போச்சு, மாடு போச்சு. அது மட்டும் ஒரு சொட்டுகூட நனையல!"

"அதை வெச்சுதான்டா உன்னைத் திட்டணும்!" என்று அவன் அம்மா பதில் கொடுத்தார்.

அடுத்து எழுந்தது என் அம்மா. எனக்கு நம்பவே முடியவில்லை. "எங்க வீட்டுச் சட்டி ஒண்ணுகூட மிஞ்சல" என்றாள். "ஆனா வீடு இருந்த இடத்துல வேற யாரோட சட்டியோ வந்து கிடக்கு. அதுவும் அடிப்பிடிச்ச சட்டி. அனுப்பினதுதான் அனுப்பினாங்க, கழுவி அனுப்பக் கூடாதா?"

"ஐயையோ, லோர்னா!" என்று செலிங் அத்தை வாயில் கை வைத்தார். "குழி விழுந்த அலுமினியச் சட்டியா? அது என்னோடதுடி!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆரஞ்சுச் சட்டை அண்ணனும் கையைத் தூக்கினார். "நான் வந்து ரெண்டு நாளாச்சு. யாருமே என் பேரைக் கேக்கல. ஸ்டிக்கர் தம்பி, ஸ்டிக்கர் தம்பின்னு கூப்பிடறீங்க. என் பேர் ஜெரிக்கோ."

"சரி ஸ்டிக்கர் தம்பி, உக்காருப்பா!" என்றது ஒரு குரல்.

பிறகு தையல் வேலை செய்கிற ஓர்தா அக்கா எழுந்தார். எப்போதும் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிக்கிறவர். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"எங்கம்மா போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார். "அது போச்சு. அவங்க முகம் எனக்கு மறந்துபோயிடுமோன்னு இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நான் முன்னால் நின்றுகொண்டு விழித்தேன். இப்படி ஒரு புகார் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. செலிங் அத்தை மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஓர்தா அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கம்மாவுக்கு இடது கன்னத்துல மச்சம் இருக்கும்" என்றார். "சந்தையில என்கிட்ட பேரம் பேசறப்போ அதைச் சொறிஞ்சுக்கிட்டே இருப்பாங்க." அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர், "ஆமா, உரக்கத்தான் பேசுவாங்க" என்றார்.

"இன்னிக்குப் பரிசு ஓர்தா அக்காவுக்கு" என்றேன்.

ஓர்தா அக்கா அழுதுகொண்டே சிரித்தார். "எங்கம்மா இருந்தா, கக்கூஸ் பரிசான்னு கேட்டு என் முதுகுல ஒண்ணு வெச்சிருப்பாங்க."

நான் எங்கள் பாயைத் திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று இரவு அரைத் தட்டுச் சோறு சாப்பிட்டார். மத்தியோடுதான்.

அடுத்த நாளும் அப்பா உட்கார்ந்து கேட்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"உங்களுக்குப் புகாரே இல்லையாப்பா?" என்று கேட்டேன்.

"அப்புறம்" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "எப்பப் பாரு அப்புறம்! உங்க அப்புறம் பத்தியே நாளைக்கு நான் புகார் சொல்லப்போறேன். உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லணும், அதான் விதி. சொல்லட்டுமா?"

அப்பா என்னையே பார்த்தார்.

மூன்றாம் நாள், புயல் அடித்து எட்டாவது நாள். வேரோடு சாய்ந்த மரங்களை வெட்டி ஆற்றோரப் பாதையைத் திறந்திருந்தார்கள். மேல் கிராமத்து ஆட்கள் முதல்முறையாக நிவாரணச் சாமான் வாங்க வந்திருந்தார்கள். கதவு வரை கூட்டம். நான் என் புகாரைச் சொல்ல எழுந்தேன்.

"அதை நானே சொல்றேன் யுமி" என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பினார்கள். எட்டு நாளாகச் சரியாகப் பேசாத குரல் கரகரவென்று இருந்தது.

"மூணு வருஷமா என் படகுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு இருந்தேன். அப்புறம் அடிக்கலாம், அப்புறம் அடிக்கலாம்னு தள்ளிப் போட்டேன். கடைசியில புயலுக்கு முந்தின நாள் ஆரம்பிச்சேன். நல்ல பச்சை. ஒரு பக்கம் முடிச்சாச்சு. மறுபக்கம் தொடறதுக்குள்ள, புயல் சிக்னல் நாலு, எல்லாரும் கிளம்புங்கன்னு ரேடியோவுல சொல்லிட்டான்." அப்பா மூச்சு வாங்கினார். "புயலுக்குப் படகுதான் வேணும்னா நான் ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாளே வந்திருக்கக் கூடாதா? ஒரு டப்பா பெயிண்டாவது மிச்சமாகியிருக்கும்!"

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. பிறகு அவரே சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் எட்டு நாளில் கேட்ட சிரிப்புகளிலேயே அதுதான் நல்ல சிரிப்பு.

"ஒரு நிமிஷம்" என்று கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது.

முழங்கால் வரை சேறு பூசிய ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் பெயர் தெம்யோங், மேல் கிராமத்துக்காரர்.

"ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெறும் கட்டையா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எட்டு நாளா என் பன்னிக் கொட்டகை மேல ஒரு படகு உக்காந்திருக்கு. எந்த மடையன் படகுக்கு ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடிப்பான்னு நானும் என் பொண்டாட்டியும் தினமும் பேசிக்கிட்டிருக்கோம்!"

அப்பா எழுந்து நின்றார். எட்டு நாளில் முதல்முறையாக இவ்வளவு வேகமாக எழுந்தார்.

"அந்த மடையன் நான்தாங்க" என்றார்.

அதற்குப் பிறகு அறையில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. போங் மேசைமேல் ஏறிக் குதித்தான். சேவல்கூடப் பயந்து ஓடிவிட்டது.

எனக்கு மட்டும் தாங்கவில்லை. "மாமா, எட்டு நாளா உங்க கொட்டகை மேல ஒரு படகு இருக்கு, நீங்க யாருகிட்டயும் சொல்லவே இல்லையா?" என்று கத்தினேன்.

"வர்ற வழியெல்லாம் எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்கம்மா. ஜோரா இருக்கேன்னு சொன்னேன்" என்றார் அவர். "பன்னிக் கொட்டகை எப்படி இருக்குன்னு யாரு கேட்டா?"

மறுநாள் விடிந்ததும் பதினான்கு பேர் மேல் கிராமத்துக்கு நடந்தோம். ஒற்றைச் செருப்போடு நானும் போனேன். வழியெல்லாம் சேறு. மூன்று இடத்தில் விழுந்தேன். மூன்று முறையும் ஜெரிக்கோ அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தூக்கிவிட்டார்.

படகு உண்மையிலேயே கொட்டகை மேல்தான் உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு பெரிய பன்றி எங்களை வெறுப்போடு பார்த்தது. படகு கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் கட்டியிருந்த மூங்கில்களில் ஒன்றைக் காணோம். அடியில் என் தலை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்தார். பிறகு பச்சைப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"மூணு வாரம்" என்றார். "மரம் கிடைச்சா ரெண்டே வாரம்."

"உங்க படகைத் தூக்கிட்டா என் பன்னி மழையில நனையுமே?" என்றார் தெம்யோங் மாமா.

"முதல்ல உங்க கொட்டகைக்குக் கூரை போடறேன். அப்புறம்தான்..." அப்பா சட்டென்று நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "அப்புறம் இல்ல. இன்னிக்கே போடறேன்."

போட்டார். மற்றவர்களும் கை கொடுத்தார்கள். சாய்ந்த தென்னைகளின் ஓலை எங்கும் கிடந்தது. மத்தியானத்துக்குள் பன்றிக்கு எங்கள் எல்லோரையும்விட நல்ல வீடு கிடைத்துவிட்டது. எனக்கு அதிலும் வருத்தம்தான். ஆனால் புகார் நேரம் இன்னும் வரவில்லை என்பதால் பேசாமல் இருந்தேன்.

படகைத் தோளில் தூக்கிக் கிளம்பும்போது தெம்யோங் மாமாவின் மனைவி ஓடிவந்து ஒரு டப்பாவை அப்பாவின் கையில் திணித்தார். "கொட்டகைக் கதவுக்கு வாங்கினது. கதவே இல்லாம போச்சு. அந்த இன்னொரு பக்கத்துக்கு அடிங்க, பார்க்கச் சகிக்கல."

திறந்து பார்த்தோம். மஞ்சள், வாழைப்பழ மஞ்சள்.

"அப்பா, வேண்டாம்" என்றேன். "பச்சைக்கும் இதுக்கும் சேரவே சேராது. நல்லாவே இருக்காது."

அப்பா அடித்தார்.

இப்போது படகு தினமும் கரையை ஒட்டித் தெற்கே போய்த் திரும்புகிறது. போகும்போது பச்சையாகத் தெரியும், வரும்போது மஞ்சளாகத் தெரியும். புதிதாக ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும், உங்கப்பாவுக்கு ரெண்டு படகா என்று என்னிடமே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்கிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இப்போதெல்லாம், "ஆமா, ரெண்டு" என்று சொல்லிவிடுகிறேன்.